வீட்டுக்கு அருகே ஒரு பனிமேடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. கம்பரோ இளங்கோவோ வள்ளுவரோ இடம் பெறாத விழா நம் சங்கத்தில் நடந்ததில்லை. அம்மரபிலிருந்து சற்று விலகி, இருபது நிமிடம் பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிப் பேச அனுமதி வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது செயலாளர் வியந்து போனார். "தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்களுக்குப் பனிச்சறுக்கு எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அக்கேள்விக்கு எங்களால் இயன்ற விடையைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம். 'நாங்கள்' என்பது சென்ற குளிர்காலத்தில் குழந்தை குட்டிகளுடன் சிம்லாவை அடுத்த குஃப்ரிக்குச் சென்று வந்த மூன்று குடும்பத்தாரைக் குறிக்கும்.

தமிழருக்கு இமயம் புதிதன்று. இமயவரம்பன் என்று பட்டம் பூண்ட சேரனையும், கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செங்குட்டுவனையும் நம் பிள்ளைகள் பாடத்திலேயே படிக்கின்றனர். ஆயினும் இமயத்தின் பனி நமக்குப் புதிது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், முன்பனி, பின்பனி என இரண்டு பருவங்களுக்குப் பனியின் பெயரையே இட்டனர். ஆனால் அவர்கள் கண்ட பனி புல்நுனியில் நிற்கும் பனித்துளி. விடியற்காலையில் வயல்மேல் படரும் மூடுபனி. வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி முழங்கால் அளவு குவியும் வெண்பனிக்குத் தனிப் பெயர் சூட்டும் தேவை அவர்களுக்கு நேரவில்லை. ஆகவே பனித்துளியின் பெயரையே அதற்கும் கொடுத்து வழங்குகின்றோம்.

தில்லித் தமிழருக்கும் சிம்லாவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1864 முதல் சிம்லா ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகராக இருந்தது. 1911 இல் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்த பின்னரும், இரண்டாம் உலகப்போர் தொடங்கும் காலம் வரையில், ஆண்டுதோறும் அலுவலகங்கள் கோப்புகளோடு மலையேறின. அவற்றோடு நம்மவர்களான எழுத்தர்களும் கணக்கர்களும் ஏறினர். ஆனால் அவர்கள் ஏறியது கோடையில். இறங்கியது குளிர் தொடங்கும் வேளையில். சிம்லாவில் பல ஆண்டுகள் பணியாற்றியும் அதன் பனியைக் காணாதவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் மலையிலிருந்து இறங்கிய பின்னரே பனி வந்தது. அவர்களின் பேரப் பிள்ளைகளாகிய நம் குழந்தைகள், பாட்டனார் காணாததைக் காண இன்று விரும்புகின்றனர்.

எங்களுடன் வந்த சிறுமி ஒருத்தி மலைப்பாதையில் கேட்ட ஒரு கேள்வி எங்களைச் சிந்திக்க வைத்தது. "அம்மா, நம் ஊருக்குப் பக்கத்து மலை இதுதானே?" என்றாள். தாயார் தம் பழக்கத்தில், "நம் ஊருக்குப் பக்கத்து மலை சுவாமிமலையல்லவா?" என்றார். சிறுமி விடவில்லை. "அது உங்கள் ஊருக்குப் பக்கம். எனக்குத் தில்லிதானே ஊர்?" என்றாள். அவள் கூறியதில் தவறொன்றும் இல்லை. தில்லியில் பிறந்து வளரும் குழந்தைக்கு, கோடை விடுமுறையில் ஒரு முறை காணும் கொடைக்கானலைவிட, ஓர் இரவுப் பயணத்தில் எட்டும் சிம்லா மலையே அண்டை வீடு.

அண்டையில் ஒரு குன்று இருப்பதன் அருமை நமக்குத் தெரியாததன்று. பழனியும் திருச்செந்தூரும் இருக்கவே, இராமகிருஷ்ணபுரத்துச் சிறு குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கோயில் எழுப்ப நம் பெரியோர்கள் அரும்பாடுபட்டனர். 1973 இல் குடமுழுக்குக் கண்ட அம்மலை மந்திர், உயரத்தில் பழனிக்கு ஈடாகாது. ஆயினும் கிருத்திகைதோறும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறக் கூடிய குன்று அதுவே. பழனி நம் பெருமை. மலை மந்திர் நம் பழக்கம். பழக்கமாகாத பெருமை அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. விளையாட்டுக்கும் இதே நியதிதான் என்பதே நாங்கள் இன்று கூற வந்தது.

இனிப் பயணத்தைச் சொல்கின்றோம். தில்லியிலிருந்து இரவு வண்டியில் கால்கா சேர்ந்து, அங்கிருந்து சிறு பாதை வண்டியில் ஏறினோம். 1903 இல் திறக்கப்பட்ட அப்பாதை 96 கிலோமீட்டர் நீளம். தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடி. நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் நுழைந்து, 650 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அது ஏறுகிறது. 2008 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனை ஏற்றது. ஒவ்வொரு சுரங்கத்திலும் குழந்தைகள் எழுப்பிய கூச்சலை எழுத்தில் வடிக்க இயலாது.

சிம்லாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பது குஃப்ரி. அப்பெயர் நம் சமையலறைக்கும் அந்நியமானதன்று. மைய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் தாம் உருவாக்கிய வகைகளுக்குக் குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி என்றெல்லாம் இவ்வூரின் பெயரையே சூட்டினர். மலையின் நீண்ட கோடைப் பகல்களில் உருளைச் செடி நன்றாகப் பூப்பதால், மகரந்தம் சேர்த்துப் புதிய வகைகளை ஆக்க இவ்விடம் ஏற்றதாயிற்று. குஃப்ரி ஜோதி நீலகிரியிலும் விளைகிறது. ஆகவே உதகையிலிருந்து வந்த கிழங்கு என்று நாம் ஊரில் வாங்கியதிலும் இந்தக் குன்றின் பெயர் ஒளிந்திருந்திருக்கலாம்.

இச்சிறு குன்று தில்லிக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை வானிலையும் காட்டும். தை மாதத்தில் தில்லியில் திடீரென்று வானம் மூடி, இரண்டு நாள் தூறல் விழுவதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். அது நம் ஊர் வடகிழக்குப் பருவமழை போன்றதன்று. மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தக் குழப்பத்தின் விளைவு. வானிலைத் துறையார் இதனை மேற்கத்திய இடையூறு என்பர். பெயர்தான் இடையூறு; வடநாட்டுக் கோதுமைக்கும் இமயத்துப் பனிக்கும் அதுவே உயிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. தில்லியைவிடக் குஃப்ரி ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். ஆகவே பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர்ச்சி மிகுதி. தில்லியில் 14 டிகிரியில் நாம் குடை பிடிக்கும்போது, அதே மேகம் குஃப்ரியில் பனியாக இறங்குகிறது. நாங்கள் புறப்பட்டதும் அத்தகைய தூறலுக்கு இரண்டு நாள் கழித்தே.

குன்றை அடைந்தபோது கண்ட காட்சி, படத்தில் காணும் காட்சியன்று. வெயில் படும் தெற்குச் சரிவில் பழுப்புப் புல்லே தெரிந்தது. தேவதாரு மரங்களின் நிழல் விழும் வடக்குச் சரிவில் மட்டும் ஒரு சாண், சில இடங்களில் ஒரு முழம், பனி கிடந்தது. நம் கூட்டத்துப் பாட்டியம்மாள், எழுபத்திரண்டு வயதினர், குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஒரு பிடி பனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கும்பகோணத்தில் ஆலங்கட்டி பொறுக்கியிருக்கிறேன். இது வடித்த சோறுபோல உதிர்கிறதே" என்றார். பனியைக் குறித்து எங்களுள் எவரும் அதைவிடத் தெளிவாக ஒன்றும் கூறவில்லை.

அவ்வூர்க்காரரான ஒரு பயிற்சியாளர், நடுத்தர வயதினர், வாடகைக்குக் காலணிகளும் சறுக்குக் கட்டைகளும் கொணர்ந்தார். பிள்ளைகள் உடனே மேலேற முனைந்தனர். அவர் தடுத்தார். "முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். பின்னோக்கிச் சாயாமல், பக்கவாட்டில், இடுப்பு முதலில் படும்படி விழ வேண்டும். விழுந்தபின் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழ வேண்டும். நேராக வைத்து எழ முயன்றால் எழும்போதே வழுக்கிச் செல்லும். அரை மணி நேரம் விழுவதும் எழுவதுமே பாடம். அடுத்தது நிற்கும் கலை. இரு கட்டைகளின் முனைகளையும் நெருக்கி, பின்புறங்களை அகற்றி, கலப்பைபோல் அமைத்துக்கொண்டால் உட்புற ஓரங்கள் பனியைக் கீறி வேகத்தைத் தடுக்கும். "ஏர் பிடிப்பது போல" என்று அவர் இந்தியில் கூறியபோது, பாட்டியம்மாள் அதைக் கேட்டுப் பேரனுக்குத் தமிழில் விளக்கினார். தில்லிக் குழந்தைகள் கலப்பையைக் கண்டதில்லை. பயிற்சியாளரும் பாட்டியும் கண்டவர்கள். அவ்விருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

காலையில் பத்துக்கு மேற்பட்ட முறை விழுந்த அந்தச் சிறுமி, பிற்பகலில் இருபது கெஜ தூரம் தானாகவே சறுக்கி, தானாகவே நின்றாள். நின்ற பின்னர் விழுந்தாள். அது வேறு செய்தி. பயிற்சியாளர் கை தட்டினார். பின்னர்த் தேநீர் அருந்தும்போது தம் கதையைச் சொன்னார். சிறுவனாயிருந்தபோது ஊர்த் தச்சர் செதுக்கிய பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்புறத்து ஆப்பிள் தோட்டத்தின் சரிவில் சறுக்கிப் பழகினாராம். அக்காலத்தில் ஹோலிப் பண்டிகை வரையிலும் நிழற்சரிவில் பனி கிடக்குமாம். "எனக்குப் பனி வீட்டு வாசலில் கிடந்தது. என் மகனுக்கு அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடிப் போகும் விளையாட்டை ஏழை வீட்டுப் பிள்ளை எப்படி ஆடுவான்?" என்றார். நாங்கள் ஒன்றும் கூற இயலாமல் இருந்தோம். இவ்வுரையை எழுதத் தூண்டியது அவருடைய அக்கேள்வியே.

பனிச்சறுக்கு செல்வர் விளையாட்டு என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இன்று பெரும்பாலும் அது உண்மைதான். தொடக்கத்தில் அவ்வாறு இல்லை. இந்த விளையாட்டுக்கு இக்கால வடிவம் தந்தவராகப் போற்றப்படுபவர் நார்வே நாட்டின் மோர்கெடால் ஊரினரான சோண்ட்ரே நோர்ஹெய்ம். 1825 இல் பிறந்த அவர் ஓர் ஏழைக் குத்தகைக் குடியானவர். சொந்த நிலம் அவருக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவு இருந்தது. அக்காலத்துச் சறுக்குக் கட்டையில் கால்விரலை மட்டும் ஒரு வாரில் நுழைப்பர். அவரோ மரவேரை முறுக்கிக் குதிகாலையும் சேர்த்துக் கட்டினார். அதனால் திரும்பவும் தாவவும் இயன்றது. 1868 இல் நாற்பது வயதைக் கடந்த நிலையில் தலைநகருக்குச் சென்று போட்டியில் கலந்து எல்லோரையும் வியக்கச் செய்தார். பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து 1897 இல் அங்கேயே மறைந்தார். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர் அவர்.

அமெரிக்காவில் இவ்விளையாட்டு பரவியதும் சிறு மேடுகளாலேயே. 1934 இல் வெர்மான்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்னும் ஊரருகே, ஒரு குடியானவரின் மாட்டு மேய்ச்சல் மேட்டில், பழைய ஃபோர்டு மோட்டார் எஞ்சின் ஒன்றைக் கொண்டு நீண்ட கயிற்றைச் சுழல விட்டனர். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துச் செல்லும். அந்நாட்டில் சறுக்குவோரை மேலேற்றிய முதற் கயிறு அதுவே. அதன்பின் ஊருக்கு ஊர் கயிறு கட்டினர். பள்ளி விட்ட பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து முறை சறுக்கி வீடு திரும்பினர். பிற்காலத்தில் பெரிய மலைகளில் பெரிய நிறுவனங்கள் விடுதிகளும் ஊர்திகளும் அமைத்தன. பனி குறைந்த ஆண்டுகளைச் சிறு மேடுகளால் தாங்க இயலவில்லை. நியூ இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் அவ்வாறு மூடப்பட்டவை நூற்றுக்கணக்கில் உள்ளன.

சிறு மேட்டைக் காத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. ஆஸ்லோ நகரில் மக்கள் சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நகர இரயிலில் ஏறி, ஹோல்மென்கோலன் குன்றில் இறங்குகின்றனர். 1892 முதல் அக்குன்றில் போட்டிகள் நடைபெறுகின்றன. ஈழத்திலிருந்து அந்நாட்டிற் குடியேறிய தமிழரின் பிள்ளைகளும் பள்ளியின் பனிச்சறுக்கு நாளில் மற்றப் பிள்ளைகளோடு செல்கின்றனர். நம்மவர் மிகுதியாக வாழும் கனடாவின் டொராண்டோவிலோ, மாநகராட்சியே ஊருக்குள் சிறு பனிமேடுகளை நடத்திப் பயிற்சி அளிக்கிறது. அம்மேடுகளை மலை என்று கூற நம் நீலகிரிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துப் பாட்டியின் பேரன் பேருந்தில் சென்று சறுக்கி வரக் கூடிய இடம் அதுதான். நார்வேயில் ஊரார் கூடி ஊதியமின்றி உழைத்துப் பொதுக் காரியங்களை முடிக்கும் வழக்கம் உண்டு. விளையாட்டுக் கழகங்களும் அதனாலேயே வாழ்கின்றன. நம் ஊரில் ஏரியையும் வாய்க்காலையும் காத்த குடிமராமத்தும் அத்தகையதே அன்றோ?

இந்தியாவுக்கு வருவோம். 1927 இல் ஆங்கில இராணுவ அதிகாரிகள் இருவர் குல்மார்க்கில் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1964 இல் இன்ஸ்புருக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் முதன்முதலாகக் கலந்துகொண்டவர், போலந்தில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாக ஏற்ற ஜெரமி புஜாகோவ்ஸ்கி. 1988 இல் கால்கரியில் சைலஜா குமார் கலந்துகொண்டு, அவ்விழாவில் பங்குபெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அதன் பின்னர் வந்தோருள் சிலருடைய பிறப்பிடத்தை நோக்குங்கள். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டிய சிவ கேசவன், மணாலியை அடுத்த வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்தவர். தந்தையார் கேரளத்தவர், தாயார் இத்தாலியர். பயிற்சிக்குரிய பனிப்பாதை இல்லாமையால் வண்டிக்குச் சக்கரம் பூட்டி மலைச்சாலையில் பழகினார். 2018 இல் துருக்கியில் வெண்கலம் பெற்று, அனைத்துலகப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்கு முதற் பதக்கம் ஈட்டிய ஆஞ்சல் தாக்கூரும் மணாலிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணே. சோலாங் சரிவு அவர் வீட்டுக்கு அருகே உள்ளது. 2022 இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான், குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவரின் மகன். நான்கு வயதிலேயே கட்டை பூட்டியவர்.

வீட்டுக்கு அருகே சரிவு இருந்தது. அதனால் குழந்தைப் பருவத்திலேயே கால் பழகிற்று. இம்மூவர் வரலாற்றிலும் பொதுவாயுள்ள செய்தி இதுதான். வாரம் ஒரு நாள் கூடக் காணாத சரிவில் ஒலிம்பிக் வீரர் தோன்றுவதில்லை. ஒலிம்பிக் கிடக்கட்டும், பனியைக் கண்டு அஞ்சாத ஒரு சாதாரணக் குழந்தையும் தோன்றுவதில்லை.

இப்போது அச்சிறு சரிவுகளுக்கே ஆபத்து வந்துள்ளது. முன்னர்க் கூறிய கணக்கையே திருப்பிப் போடுங்கள். காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால், பனி விழும் எல்லை சுமார் 150 மீட்டர் மேலே ஏறிவிடும். பெரிய மலையில் சறுக்குவோர் இன்னும் மேலே செல்லலாம். குல்மார்க்கின் கம்பிவட ஊர்தி 3,900 மீட்டருக்கு மேல் கொண்டு சேர்க்கிறது. குஃப்ரியில் மேலே செல்ல மலையே இல்லை. சிறிது தூரத்தில் குன்றின் தலை வந்துவிடுகிறது. பனி ஏறிச் செல்லும்போது சிறு குன்று அதனைப் பின்தொடர இயலாமல் நின்றுவிடுகிறது. தில்லியில் 14 டிகிரிக்குப் பதிலாக 17 டிகிரியில் தூறல் விழுந்தால், குஃப்ரியில் இறங்குவது பெரும்பாலும் மழையே. சிம்லாவில் 1920 முதல், இரவில் திறந்த வெளியில் நீர் பாய்ச்சி இயற்கைக் குளிரிலேயே உறைய வைத்து வழுக்கி விளையாடும் களம் ஒன்று உண்டு. அங்கும் உறையும் இரவுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பெரிய மலைகளும் தப்பிவிட்டன என்று கூற முடியாது. 2024 சனவரியில் குல்மார்க் சரிவுகளே பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தனர். செயற்கைப் பனி இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 2011 இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உத்தராகண்டின் ஆலிச் சரிவில் அக்கருவிகளை நிறுவினர். பெய்ஜிங் ஒலிம்பிக் ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தது. ஆனால் அக்கருவிக்கு நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உறையும் குளிரும் வேண்டும். குளிர் இல்லாதபோது அது வெறும் நீர்தெளிப்பானே. துபாயில் 2005 இல் ஒரு கூடத்துக்குள் பனிமலை அமைத்தனர். செல்வம் அங்கே குளிரை விலைக்கு வாங்கிற்று. எல்லா ஊராலும் அது இயலாது.

பனி போனால் போகட்டும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும் என்று கூறுவோரும் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகின்றோம். சிம்லாவின் ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் பூக்கும். நாம் தில்லியில் குடிக்கும் யமுனை நீரும் அதே இமயத்திலிருந்து இறங்கி வருவது. குழந்தையின் சறுக்கு மேட்டில் பனி குறைவது, வீட்டுக் குழாயில் பின்னர் வரவிருக்கும் செய்தியின் முதல் வரி. அச்செய்தியை முதலில் படிப்பவன் அக்குன்றை நேசிப்பவனே. ஒரு முறை விழுந்து எழுந்த சரிவை எவரும் எளிதில் மறப்பதில்லை.

ஆகவே எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. நம் சங்கம் ஆண்டுதோறும் குழந்தைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறது. அதில் ஒன்றைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வோம். இருபது குழந்தைகள் போதும். அவர்களுள் சிலரேனும் வாடகைக் காலணிக்கும் பணம் தர இயலாத வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். அச்செலவைச் சங்கம் ஏற்கட்டும். கார்களில் சென்று மலைப்பாதையை அடைக்காமல் இரயிலில் செல்வோம். படம் எடுத்துக்கொண்டு மாலையே திரும்பாமல், மூன்று நாள் தங்கி, அவ்வூர்ப் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்போம். நம் பணம் அவருடைய வீட்டுக்குச் சென்றால், அவருடைய மகனும் கட்டைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பான். கொண்டு சென்ற பொட்டலத் தாள்களைத் திருப்பி எடுத்து வருவோம். இவற்றால் உலகம் குளிர்ந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. குன்று இருக்கும்வரை அதில் குழந்தைகள் இருக்கட்டும் என்கின்றோம்.

நாள் குறித்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட இயலாதது ஒன்றே இதில் இடர்ப்பாடு. பனி நம் செயற்குழுவைக் கேட்டு விழுவதில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுள்ளோம். தை மாதத்தில் என்றேனும் தில்லியில் இரண்டு நாள் தூறல் விழுந்தால், மூன்றாம் நாள் இரவு வண்டிக்குச் சீட்டு வாங்க வேண்டியதுதான். எங்கள் மூன்று வீடுகளில் கம்பளி உடைகள் பெட்டியில் தயாராக உள்ளன. கும்பகோணத்துப் பாட்டியம்மாளும் தம் குல்லாயை அப்பெட்டியிலேயே வைத்துவிட்டார். அன்று வீட்டுக்கு அருகே உள்ள மலையைப் பற்றிக் கேட்ட சிறுமி, இப்போது மேகம் கூடும்போதெல்லாம் மாடிக்கு ஓடி மேற்குத் திசையைப் பார்க்கிறாள். அடுத்த முறை எத்தனை வீடுகள் சேரும் என்பதை விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துத் தெரிவியுங்கள்.